கொம்பில்லாத டிராகன்

என் வீட்டுக்காரர் டிராகன் வரைகிறவர். யாரிடமாவது இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு "அது சரி, வேலை என்ன?" என்று கேட்பார்கள். வேலையே அதுதானய்யா. கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபது வருடத்துக்கு மேலாக டிராகன்களுக்கு உருவம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். நானும் அங்கேதான், ஒலிப் பிரிவில். அவர் வரைந்து முடித்ததற்கு உறுமல் சேர்ப்பது என் வேலை. காலி டிரம்மை சிமெண்ட் தரையில் இழுத்தால் பெரிய டிராகன், ஊதிய பலூனை ஈரக்கையால் தேய்த்தால் அதன் குட்டி. ஆபீசில் அடுத்தடுத்த அறை, வீட்டில் ஒரே அறை. காலையிலிருந்து ராத்திரி வரை ஒரே முகத்தைப் பார்த்து வாழ்கிறவர்களுக்குத்தான் என் எரிச்சல் புரியும்.

ஆள் கெட்டவர் இல்லை. குடி இல்லை, சீட்டு இல்லை, ஊர்வம்பு இல்லை. ஆனால் வாயும் இல்லை. அதாவது ஆபீசில் இல்லை. வீட்டில் புலி, வெளியில் எலி. நிலா ஏன் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்பதில் நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடுவார். முதலாளி அறைக்குள் போனால் "சரிங்க சார்" தவிர வேறு சத்தம் வராது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? இருபது வருடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

வானத்தைப் பார்த்து டிராகன் செய்வது அவர் பழக்கம். வால்நட்சத்திரத்தின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகவே நீண்டிருக்குமாம். அதனால் சூரியனை விட்டு விலகிப் போகும்போது வால் முன்னால் போகும், தலை பின்னால் வரும். அதை வைத்து ஒரு வெள்ளி டிராகன் போட்டார். சூரியனுக்கு முதுகைக் காட்டாமல், பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து விடைபெறுகிற டிராகன். நானே அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதலாளி பார்த்தார். "வண்டி ரிவர்ஸ்ல போற மாதிரி இருக்கே. திருப்பி விடுங்க. அப்படியே தலையில ரெண்டு கொம்பு வச்சிருங்க" என்றார். இவர் "சரிங்க சார்" என்றார்.

இன்னொரு தடவை, செத்துச் சுருங்கிப் போன நட்சத்திரத்தைப் பற்றிப் படித்துவிட்டு வந்தார். ஒரு கரண்டி அள்ளினால் மலை கனம் கனக்குமாம், கலங்கரை விளக்கு போல வெளிச்சத்தை வீசிக்கொண்டு சுழலுமாம். பூனை அளவில் ஒரு டிராகன் செய்தார். அது உட்கார்ந்த பாறை நொறுங்கும். முதலாளி, பூனைக்கு யார் பயப்படுவார்கள் என்றார். அது மலையளவு வளர்ந்தது, நெருப்புக் கக்கியது, கொம்பும் முளைத்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை.

எங்கள் மகள் பள்ளிக்கூடக் கடைசி வருடம் படிக்கிறாள். வாய் என்னுடையது, நல்லவேளை. ஒவ்வொரு விளையாட்டு வெளிவரும்போதும் திரை முன்னால் உட்கார்ந்து, "அப்பா, இதுல உங்களோடது எது?" என்று கேட்பாள். மலையளவு டிராகன் வந்தபோது இவர் வெகுநேரம் தேடிவிட்டு, "அந்தப் பின்னங்கால் நகம் நான் போட்டது அப்படியே இருக்கு" என்றார். அவள் சிரித்தாள். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வருடம் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். கையில் இருக்கும் இந்த விண்வெளி விளையாட்டோடு டிராகன் சகாப்தம் முடிந்தது, இனி கம்பெனி போனில் ஆடும் சீட்டு விளையாட்டுதான் செய்யும் என்றார். வரைகிறவர்கள் எல்லாரும் பொத்தான் வரைய வேண்டும். தொடு, விடு, திரும்பு என்று திரையில் இருக்குமே, அந்தப் பொத்தான்கள். அந்த விண்வெளி விளையாட்டின் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் ஒரு டிராகன் பாக்கி. "அதை உங்க இஷ்டத்துக்குப் போடுங்க. நான் கை வைக்க மாட்டேன். அவ்வளவு தூரம் யாரு ஆடிட்டு வரப் போறாங்க?" என்று இவரைப் பார்த்துச் சொன்னார். கொடுக்கிற வரத்தைக்கூட ஒரு குட்டோடுதான் கொடுப்பார் அந்த மனுஷன்.

அன்று சாயங்காலம் துணி துவைக்கும் மிஷின் முன்னால் நின்றுகொண்டு இவர் சொன்னார். "ஒண்ணே ஒண்ணு. நான் நினைச்ச மாதிரி ஒரே ஒரு டிராகன் வெளிய வந்துட்டாப் போதும். அப்புறம் ஆயுசுக்கும் பொத்தான் போடச் சொன்னாலும் போடுறேன்."

குத்திக் காட்ட வாயெடுத்த நான் அடக்கிக்கொண்டேன்.

அடக்கியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு வீடு பட்ட பாடு கொஞ்சமில்லை. கருந்துளை டிராகனாம். எட்டிப் பிடித்ததை விடாது, வெளிச்சத்தையும் விழுங்கிவிடும், அதனால் அதைப் பார்க்கவே முடியாது. பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது சுழன்று இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பாத்திரம் அப்படியே கிடக்கும். கண்ணாடித் தம்ளரின் தடித்த அடிப்பாகத்தைப் பேப்பர்மேல் வைத்து எழுத்து எப்படி வளைகிறது என்று பார்ப்பார். தம்ளரும் கையுமாக என் முகத்தையும் பார்த்தார். "மூக்கு அழகா வளையுது" என்றார். எனக்கு இருந்த ஆத்திரத்துக்குத் தம்ளரைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டேன்.

ஒருநாள் மகளுக்கு விளக்குகிறேன் என்று படுக்கை விரிப்பை நான்கு நாற்காலியில் இழுத்துக் கட்டி, நடுவில் கனமாக ஏதாவது வேண்டுமென்று இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். விரிப்பு குழிந்ததும் கோலிக் குண்டு சுற்றிச் சுற்றி உள்ளே போனது. எல்லாம் சரி, நான் அப்போதுதான் என் புடவையைத் தேய்த்துவிட்டு அந்தப் பெட்டியை இறக்கி வைத்திருந்தேன். புதுவிரிப்பு. நடுவில் முக்கோணமாகக் கருகிப் பொத்தல் விழுந்துவிட்டது.

"ஏங்க, உங்களுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?" என்று கத்தினேன்.

"சூடா இருந்தது தெரியலம்மா" என்றார். பிறகு பொத்தலைக் குனிந்து பார்த்து, "விளிம்புதான் தெரியுது பாரு, துளை தெரியல" என்றார். என்ன செய்வது, சொல்லுங்கள்.

ஆனால் அந்த டிராகனைப் பார்த்தபோது என் கோபம் கொஞ்சம் இறங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். உடம்பே கிடையாது. விண்மீன்கள் நிறைந்த வானத்தில் ஒரு கன்னங்கரிய இடம் நகரும். அது நகர நகரப் பின்னாலிருக்கும் விண்மீன்கள் விலகி வளைந்து வழிவிடும். அந்த வளைவில்தான் நீண்ட கழுத்தும் வயிறும் மடங்கிய சிறகும் தெரியும். விண்மீன் ஒன்றைத் தின்னும்போது அது நூலாக இழுபட்டுச் சுற்றிச் சுற்றி எரியும், பாதிக்குமேல் வெளியே சிதறும். "எத்தனை தின்னாலும் பாதி கீழதான் இறைக்கும்" என்றார். யாரைப் பார்த்து வரைந்தார் என்று எனக்குத் தெரியும், சாப்பாட்டு மேசையைத் துடைப்பவள் நான்தானே.

உறுமல் எப்படி வேண்டும் என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"வேண்டாம்னா?"

"விண்வெளியில சத்தம் ஏது?"

"வால்நட்சத்திர டிராகன் உறுமினப்ப விண்வெளி எங்க போயிருந்துச்சு?"

"அது முதலாளி டிராகன். இது என்னோடது."

கல்லுளிமங்கனிடம் பேசி ஜெயிக்க முடியுமா? என் இருபது வருடத் தொழிலில் கடைசி டிராகனுக்கு என் பங்கு பூஜ்யம். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அவர் கவனிக்கவே இல்லை.

அடுத்த வம்பு பெயர்ப்பலகை. எங்கள் விளையாட்டில் 'உயிர்' என்று பதிந்த எதுவானாலும், தலைக்கு மேலே அதன் பெயரும், தெம்பு எவ்வளவு மிச்சம் என்று காட்டும் சிவப்புப் பட்டையும் தானாக வந்து நின்றுவிடும். இவருக்கு அது ஆகாது. "கருந்துளை தலையில போர்டு மாட்டுவாங்களா?" என்றார். அதனால் டிராகனை 'உயிர்' என்று பதியாமல் 'வானம்' என்று பதிந்துவிட்டார். வானத்துக்குப் பெயரும் பட்டையும் வராது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

எங்களிடம் புரோகிராம் எழுதும் பெண் ஒருத்தி இருக்கிறாள். நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவள், ஆனால் வேலையில் கெட்டி. அவளிடம் போய், உருவம் ஒரு பக்கம் இருக்கட்டும், இழுப்பு தனியாக வேண்டும் என்றார். ஆடுகிறவர் ஓட்டும் விண்கப்பல் பக்கத்தில் வந்தால் உள்ளே இழுக்கிற விசை. அதுவும் ஒரே இடத்தில் இல்லை. வயிற்றுப் பக்கம் கடுமையாக, கழுத்தில் கொஞ்சமாக, சிறகு நுனியில் லேசாக, உடம்பு முழுக்கப் பரவி நிற்க வேண்டுமாம்.

"சார், இது யாருக்குத் தெரியப் போகுது?" என்று கேட்டாள்.

"உள்ள போற கப்பலுக்குத் தெரியும்" என்றார். அவளும் தலையெழுத்தே என்று வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்து கொடுத்தாள்.

டிராகனை ஒப்படைத்த மறுநாளே இவரைப் பொத்தான் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். விளையாட்டு கடைசிச் சோதனைக்குப் போனது.

வெளியீட்டு நாளன்று பெரிய கூடத்தில் எல்லோரும் கூடினோம். மகள் மூன்று தோழிகளைக் கூட்டி வந்திருந்தாள். அவள் அப்பா டிராகன் செய்கிறார் என்பதைப் பள்ளியில் யாரும் நம்புவதில்லை. "கடைசியில வர்றது முழுக்க முழுக்க எங்கப்பாவோடது" என்று அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் இஸ்திரி போட்ட சட்டையில், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் நின்றார்.

திரையில் கப்பல் கடைசிக் கட்டத்துக்குள் நுழைந்தது. வானம் முழுக்க விண்மீன்கள். ஒரு இடத்திலும் இருட்டு இல்லை, எதுவும் வளையவில்லை. பின்னாலிருந்து வரும்போல என்று நினைத்துக் காத்திருந்தேன். கப்பல் திடீரென்று ஒரு பக்கமாக இழுபட்டுக் காணாமல் போனது. 'ஆட்டம் முடிந்தது' என்று திரையில் வந்தது.

தோழிகளில் ஒருத்தி என் பக்கம் திரும்பி, "ஆன்ட்டி, டிராகன் எங்க?" என்று கேட்டாள்.

நான் இவரைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

சோதனைப் பிரிவுத் தலைவரை நாங்கள் குறைக்காரர் என்போம். விளையாட்டில் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை, வீட்டிலும் அதையேதான் செய்கிறார் என்று அவர் மனைவி சொல்வார். அவர் முன்வந்து பெருமையாகச் சொன்னார். "அந்த இடத்துல வானத்துல பெரிய ஓட்டை இருந்துச்சு சார். நட்சத்திரமெல்லாம் வேற கோணல்மாணலா இருந்துச்சு. யாரோ வரையாம விட்டுட்டாங்கன்னு நான்தான் கடைசி வாரம் நல்ல வானமாப் போட்டு அடைக்கச் சொன்னேன்."

வெண்ணெய் திரளும்போது தாழி உடைவது என்றால் இதுதான். அந்த மனிதரைத் திட்டவும் முடியாது. 'உயிர்' என்று பதிந்தவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தார், அதில் இது இல்லை. 'வானம்' என்று பதிந்ததில் வரையாத இடம் இருந்தால் அது ஓட்டைதான். என்னை ஒரு உறுமலாவது போடவிட்டிருந்தால், இது என்ன சத்தம் என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். பெயரும் கூடாது, பட்டையும் கூடாது, சத்தமும் கூடாது என்றால் யாருக்குத்தான் தெரியும், அங்கே ஒன்று இருக்கிறதென்று?

இவர் குறைக்காரரிடம் சொன்னது ஒரே வார்த்தை. "பரவால்ல."

வீடு திரும்பும்வரை பொறுத்தேன். கதவைச் சாத்தியதும் கேட்டேன். "என்ன பரவால்ல? ஏங்க, நாளைக்கே போய் முதலாளிகிட்ட திருப்பிப் போடச் சொல்லிக் கேளுங்க."

"கேட்டா என்ன சொல்வார்? உயிர்னு பதி, பேரு வை, பட்டை போடுன்னுவார். அப்புறம் கொம்புன்னுவார்."

"அதுக்கு?"

"அதுக்கு அது இல்லாமலே இருக்கட்டும்."

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. ஒரு மனுஷன் வாழ்க்கையில் ஒரே ஒன்றுதான் கேட்டார். அது போய்விட்டது என்று தெரிந்தும் சண்டை போட வரவில்லை என்றால், அந்த மனுஷனை என்னவென்று சொல்வது? மறுநாள் காலையில் போய்ப் பொத்தான் வரைய உட்கார்ந்துவிட்டார். வட்டப் பொத்தான், பச்சை நிறம்.

அதன் பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. கடைசிக் கட்டத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் கப்பல் காணாமல் போகிறது, என்ன கோளாறு என்று ஆடுகிறவர்கள் எழுதினார்கள். உருவத்தைத்தான் அடைத்தார்களே தவிர, இழுப்பை யாரும் தொடவில்லை. அது தனியாக எழுதியது அல்லவா? கண்ணுக்குத் தெரியாமல் வானத்தில் நீந்திக்கொண்டு கப்பல்களை விழுங்கிக்கொண்டிருந்தது. குறைக்காரர் அதையும் குறையாக எழுதி மேலே அனுப்பினார். அந்த இழுப்பை எடுத்துவிடு என்று முதலாளி புரோகிராம்காரப் பெண்ணுக்கு உத்தரவு போட்டார்.

அவள் என்னிடம் வந்து, "அக்கா, ரெண்டு வரியை அழிச்சா முடிஞ்சிரும். ஆனா கை வரமாட்டேங்குது. சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யட்டுமா?" என்றாள். இரண்டு பேரும் பொத்தான் பிரிவுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் இவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார். சம்மதமா, விதியே என்றா, யாருக்குத் தெரியும்? அந்தத் தலையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

அந்த நேரத்தில் மகள் வந்தாள். பள்ளி விட்டதும் வீட்டுச் சாவிக்காக ஆபீசுக்கு வருவது வழக்கம். பையைக்கூட இறக்காமல் போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அப்பா, இதைப் பாருங்க. ஆடுறவங்க போட்டிருக்காங்க."

கப்பலைத் தொலைத்தவர்கள், அது தொலைந்த இடத்தைத் தங்களுக்குள் குறித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடம் நகர்கிறது என்று கண்டுபிடித்தது ஒருவர். இது கோளாறில்லை, இங்கே ஏதோ ஒன்று உயிரோடு இருக்கிறது என்று எழுதியது இன்னொருவர். பிறகு யாரோ ஒருவர் உட்கார்ந்து, எல்லாக் கப்பல்களும் எந்தப் பக்கம் எவ்வளவு இழுபட்டன என்பதைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்து வைத்துப் படமாக்கியிருக்கிறார். வயிற்றில் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. நீண்ட கழுத்து மேலேறி வளைந்திருந்தது. சிறகு மடங்கியிருந்தது. புரோகிராம்காரப் பெண் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

இவர் போனை வாங்கி, பெரிதாக்கி, சிறிதாக்கி, திருப்பிப் பார்த்தார்.

"கழுத்து கொஞ்சம் குட்டையா வந்திருக்கு" என்றார்.

"ஐயோ கடவுளே" என்று நான் தலையில் கை வைத்தேன். பிறகுதான் கவனித்தேன், மகள் கை நீட்டியும் அவர் போனை விடவில்லை.

முதலாளி அந்தப் பக்கமாக வந்தவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றார். "அந்த இழுப்பை எடுத்தாச்சா?"

புரோகிராம்காரப் பெண் இவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மகள், போனை அப்பாவிடமிருந்து வாங்கி முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டி, "அங்கிள், எடுக்க வேணாம்னு எல்லாரும் எழுதியிருக்காங்க" என்றாள். அவர் படத்தை உற்றுப் பார்த்தார். நல்ல வியாபாரி, உடனே கணக்குப் போட்டுவிட்டார்.

"அட, ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கா? அப்ப இதை வெளிய கொண்டுவந்துருவோம். உயிர்னு பதிஞ்சு, பேரு ஒண்ணு வச்சு..." இவரிடம் படத்தைக் காட்டினார். "தலை மொட்டையா இருக்கு பாருங்க. ரெண்டு கொம்பு மட்டும் வச்சிருங்க."

இவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் இடித்தது.

"முடியாது சார்" என்றார்.

முதலாளிக்குக் காதில் விழுந்ததா என்றே சந்தேகம். "என்ன சொன்னீங்க?"

"கொம்பு முடியாது. பேரும் வேணாம். அது இப்ப எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அது என்னோடது சார். யாரும் கை வைக்கக் கூடாது."

முதலாளி இவரை ஏற இறங்கப் பார்த்தார், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளைப் பார்ப்பதுபோல. பிறகு, "சரி, இருந்துட்டுப் போகட்டும். அந்தப் பச்சைப் பொத்தான் சாயங்காலத்துக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மகள் உருண்ட நாற்காலியை இழுத்து வந்து அவரை உட்காரவைத்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். பாதியைச் சட்டையில் சிந்திக்கொண்டு குடித்தார். எத்தனை வருடமாக இதற்காக இந்த மனுஷனோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், எனக்குத்தான் தெரியும். கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

"நான் கத்திட்டேனா?" என்று கேட்டார்.

"எங்க கத்தினீங்க? பக்கத்துல நின்ன எனக்கே பாதிதான் கேட்டுச்சு."

"அப்ப இன்னொரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா?"

"சொல்லுங்க" என்றேன்.